கடைசி வேன் எத்தனை மணிக்கு?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் திறந்தவெளிக் கலைநிகழ்ச்சிகளுக்கு மக்கள் வந்து திரும்புவது பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் பெண் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



கருத்தரங்கில் பேச வாருங்கள் என்று அழைத்தபோது, 'மேடையில் அறிவிப்பாளரின் பங்கு' என்பது மாதிரி ஏதாவது தலைப்பு தருவார்கள் என்று நினைத்தேன். 'கேமரன் மலையில் கச்சேரி வைத்தால் ஆட்களை எப்படி மேலே கொண்டு போவது, எப்படிக் கீழே இறக்குவது' என்று பேசச் சொன்னார்கள். போக்குவரத்து போலீஸ் அதிகாரியையோ பஸ் முதலாளியையோ கூப்பிட்டிருக்க வேண்டிய தலைப்பு இது. ஆனாலும் நான் மறுக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு, யார் கூப்பிட்டாலும் ஓடிப்போய் அறிவிப்புச் செய்துகொண்டிருந்த காலம். கேமரன் மலையில் ஒரு தோட்டத்துத் திடலில் பள்ளி விடுமுறைக் கலைநிகழ்ச்சி. ஏற்பாட்டாளர் யார், எந்தத் தோட்டம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். தேயிலைச் சரிவு, பனி, மேடை விளக்கு என்று பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. கீழே திடலுக்கு வரும் ஒற்றை வழித் தோட்டப் பாதையில், ஓரத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும் என்று காரை நிறுத்திவிட்டுச் சனங்கள் நடந்து வந்திருந்தார்கள்.

இரவு ஒன்பதரை மணி இருக்கும். ஒரு பையன் மேடைக்கு ஓடிவந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தான். அதில் கார் எண் மட்டும் எழுதியிருந்தது. நான் வாசித்தேன். யாரும் எழவில்லை. இரண்டாவது முறை வாசித்தேன். மூன்றாவது முறை சீட்டு வந்தபோது எனக்குள் இருந்த அறிவிப்பாளினி விழித்துக்கொண்டாள். "இந்தக் காரின் சொந்தக்காரர் தயவுசெய்து எழுந்து போங்கள். இல்லையென்றால் அடுத்த பாட்டுக்கு உங்கள் கார்தான் மேடையில் ஆடும்" என்றேன். திடலே சிரித்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நிகழ்ச்சி பதினொன்றைத் தாண்டித்தான் முடிந்தது. நடுவில் மழை. பாதை முழுக்கக் கார்கள் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் சிக்கிக்கொண்டன. எங்கள் வேனும் அதில் ஒன்று. இரவு ஒன்றரை மணிக்கு நான் மேடை ஓரத்தில் குளிரில் உட்கார்ந்திருந்தபோது, ஓர் அண்ணன் நடந்து வந்தார். கையில் எங்கள் நிகழ்ச்சியின் பிளாஸ்டிக் நாற்காலி. திருப்பி வைக்க வந்திருந்தார்.

லயத்தில் அவருடைய அம்மாவுக்கு மூச்சிரைப்பு. பக்கத்து வீட்டு வேன் தயாராக இருந்திருக்கிறது. வளைவில் ஒரு கார் பாதையை அடைத்துக்கொண்டு நின்றதால் வேன் நகர முடியவில்லை. நாலு பேர் அந்தம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, மழையில் தூக்கிக்கொண்டு பெரிய சாலை வரைக்கும் நடந்திருக்கிறார்கள். அங்கே ஒரு காய்கறித் தோட்டக்காரரின் பழைய லேண்ட் ரோவர் கிடைத்து, தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அந்தம்மா பிழைத்துக்கொண்டார்.

அந்த அண்ணன் கோபப்படவில்லை. "தங்கச்சி, நீங்கதானே நம்பர் சொன்னது? மைக்குல சொன்னது கீழ வரைக்கும் கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சதும் கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் சாலையைப் பார்க்கத் தொடங்கினேன்.

மலைக்கு இரண்டு வாசல்

கோலாலம்பூரில், ஈப்போவில், கிள்ளானில் இருக்கும் நம்மவர்களுக்குக் கேமரன் மலை தெரிந்த இடம். ஸ்ட்ராபெரி, சோளம், தேயிலை, ஒரு சுவெட்டர். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கிலிருந்து ஏற முக்கியமாக இரண்டே வழிகள். ஒன்று தாப்பாவிலிருந்து ஏறும் பழைய 59-ஆம் எண் சாலை. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. மற்றது சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வரும் அகலமான புதிய சாலை. இரண்டு வழியாக வந்தாலும் கடைசியில் எல்லாரும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம், திரிங்காப், கம்போங் ராஜா என்று ஒரே கயிற்றில் கோத்த மணிகள் மாதிரி ஒரே சாலையில்தான் நிற்க வேண்டும்.

பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்குக்கும் கியா பார்ம் சந்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும். சில கிலோமீட்டர்தான். நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றும். கச்சேரி ஏதும் இல்லாத சாதாரண விடுமுறையிலேயே அந்த நிலைமை. அதன்மேல் இன்னோர் ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் ஏற்றினால் என்ன ஆகும்?

நமக்குக் கோடைக்காலம் என்று ஒன்று கிடையாது. வெள்ளைக்காரன் ஊரில் கோடைக் கச்சேரி என்றால் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம். வானம் பார்த்துப் பாட்டுக் கேட்கலாம், வெளிச்சத்திலேயே பாதி வழி வீட்டுக்குப் போகலாம். நமக்குப் பள்ளி விடுமுறைதான் கோடை. ஏழரைக்கெல்லாம் இருட்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மலையில் நல்ல மழை. மற்ற மாதங்களிலும் பிற்பகலில் கொட்டிவிட்டுப் போகும். அதற்குப் பிறகு பனி இறங்கும். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இரவில் 15, 16 பாகைக்கு வெப்பம் இறங்கிவிடும். பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் நிற்பதைக் கோலாலம்பூரில் சலிப்பு என்பார்கள். அங்கே கைக்குழந்தையோடு நனைந்த சட்டையில் நிற்பது வேறு விஷயம்.

இதெல்லாம் பெரிய சாலையின் கதை. தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் பாதை இன்னொரு கதை. ஜே.ஏ.ரசல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் கச்சேரிக்கு யாரும் வருவார்கள் என்று பாதை போடவில்லை. கொழுந்தை ஆலைக்குக் கொண்டுபோகப் போட்ட பாதைகள் இவை. சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். பெரிய சுற்றுலா பஸ்ஸுக்கான பாதை அல்ல அது. ஆகவே 'நாற்பது பேர் பஸ்ஸில் ஏறி நேராக மேடை வாசலில் இறங்கலாம்' என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும்.

பெரிய ஊர்களிலும் நடந்தது

இது மலைக்காட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 1969 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் உட்ஸ்டாக் இசை விழா. நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற ஊரில் ஒரு பால் பண்ணை நிலத்தில் நடந்தது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம். சாலையிலேயே கார்களைப் போட்டுவிட்டு மைல் கணக்கில் நடந்தார்கள். முதலில் பாட வேண்டிய குழுவே நெரிசலில் சிக்கிக்கொண்டது. ரிச்சி ஹேவன்ஸ் என்ற பாடகரை மேடை ஏற்றிவிட்டார்கள். மற்றவர்கள் வந்து சேரும்வரை அவர் பாடிக்கொண்டே இருந்தார், கையிருப்பில் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோகும் அளவுக்கு. கலைஞர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். அறிவிப்பாளர் என்ற முறையில் அந்தப் பாடகரின் அவஸ்தை எனக்கு நன்றாகப் புரியும். 'இன்னும் பத்து நிமிஷம் இழுங்க' என்று மேடைக்குக் கீழிருந்து கை காட்டுவார்கள். அந்தப் பத்து நிமிஷம் என்றைக்குமே பத்து நிமிஷம் இல்லை.

நமக்குப் பக்கத்தில் நடந்ததையும் பார்ப்போம். 2023 செப்டம்பர் 10. சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி. ஆகஸ்ட்டில் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. ஏறக்குறைய 20 ஆயிரம் பேர் என்ற கணக்கில் போலீஸ் அனுமதி தந்த இடத்துக்கு அதைவிட மிக அதிகமாக ஆட்கள் திரண்டதாகப் பிறகு செய்திகள் வந்தன. கடற்கரை ஓரமாகப் போகும் அந்த ஒரே சாலை அடைத்துக்கொண்டது. முதலமைச்சரின் வாகன வரிசையே அதில் சிக்கியது. நுழைவுச்சீட்டு கையில் இருந்தும் பலரால் உள்ளே போக முடியவில்லை. நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாட்டை நீங்கள் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். உள்ளே வர முடியாதவர்கள் நுழைவுச்சீட்டின் நகலை அனுப்புங்கள் என்று ரகுமானே கேட்கும்படி ஆனது. பாட்டில் குறை இல்லை, பாடியவரிடம் குறை இல்லை. சாலையும் வாசலும் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

ஒழுங்காக நடந்த இடங்களும் உண்டு. கெட்டதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நானே பயந்துபோய் மேடை ஏறுவதை விட்டுவிடுவேன். நம் பத்துமலைத் தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் கேடிஎம் கொமுட்டர் ரயில் பத்துமலை வாசல் வரைக்கும் வந்தது. தைப்பூச நாட்களில் இரவு முழுவதும் ரயில் ஓடுகிறது. காவடி எடுப்பவரும் கைக்குழந்தைக்காரியும் இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்ப முடிகிறது. சரவாக்கில் மழைக்காடு உலக இசை விழா 1998 முதல் நடக்கிறது. சந்துபோங் மலை அடிவாரத்தில், கூச்சிங் நகரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஆட்களை ஏற்றி இறக்க நகரிலிருந்து பஸ்கள் ஓடுகின்றன. சென்னையில் 2023 ஐபிஎல் பருவத்தில் சேப்பாக்கம் ஆட்டத்துக்கு வாங்கிய நுழைவுச்சீட்டையே மெட்ரோ ரயிலில் பயணச் சீட்டாக ஏற்றுக்கொண்டார்கள். ஆட்டத்துக்கு வருகிறவன் எப்படி வருவான் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்.

கேமரன் மலைக்கு மெட்ரோ வராது. ஆனால் அந்த யோசனை வரலாம்.

வேன் போடும் கணக்கு

நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று நம் ஏற்பாட்டாளர்களைக் கேட்டால், பாடகரைக் கேட்க வேண்டும் என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த பாடகர் என்றால் கேட்கவே மாட்டார்கள், அவர் எப்போது முடிக்கிறாரோ அப்போது. நான் சொல்கிறேன், மலையில் அதை வேன்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, உங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். திடலுக்கு ஆயிரம் பேர். கார்களைப் பிரிஞ்சாங்கிலோ தானா ராத்தாவிலோ கீழேயே நிறுத்தியாயிற்று. ஒரு வேனில் 12 பேர். 20 வேன்கள். ஆக ஒரு நடைக்கு 240 பேர். ஏற்றி, இறக்கி, திரும்பி வர 40 நிமிடம். ஆயிரம் பேரைக் கீழே கொண்டுவர ஐந்து நடை வேண்டும். ஐந்தாவது நடைக்கு வேன் வந்து நிற்கும்போது 2 மணி 40 நிமிடம் ஓடியிருக்கும். பதினொரு மணிக்குக் கச்சேரி முடிந்தால், கடைசி ஆள் வேனில் ஏறுவது 1.40-க்கு. அதுவரை அவர் எங்கே நிற்கிறார்? கூரை இருக்கிறதா? கழிப்பறை திறந்திருக்கிறதா? சூடாக ஒரு தேநீராவது கிடைக்குமா? தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு தேநீர் கிடைக்காத கொடுமையை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அதே 20 வேன்களை வைத்துக்கொண்டு 700 பேருக்கு மட்டும் சீட்டு விற்றால்? மூன்று நடையில் முடிந்துவிடும். கடைசிக் கூட்டம் ஏறுவது 1 மணி 20 நிமிடத்தில். நிகழ்ச்சியை ஒன்பதுக்கு முடித்தால் 10.20-க்குத் திடல் காலி. நாலு மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணி நேரக் கச்சேரி கிடைக்கிறதே. மழைக்கு மேலே கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள். நாற்காலி எத்தனை போடலாம் என்று திடலை அளக்கிறோம். அளக்க வேண்டியது வேனை.

வரும்போது ஆட்கள் மூன்று மணி நேரத்தில் சிறிது சிறிதாக வருவார்கள். போகும்போது ஒரே நிமிடத்தில் எழுவார்கள். வரவுக்குப் போதுமான வண்டி திரும்பிப் போகப் போதாது என்பது இதனால்தான். கடைசிப் பாட்டுக்குப் பிறகு உள்ளூர்ப் பிள்ளைகளின் உறுமி மேளத்தையோ ஓர் அமைதியான பாட்டு நிகழ்ச்சியையோ வைத்தால் பாதிப்பேர் நின்று கேட்பார்கள், பாதிப்பேர் கிளம்புவார்கள். வரிசை தானாகப் பிரியும். இது மேடைக்காரர்கள் செய்யக்கூடிய போக்குவரத்து வேலை.

ஒற்றை வழிப் பாதையில் வேன்கள் தனித்தனியாக ஏறி இறங்கினால் ஒவ்வொரு வளைவிலும் முட்டிக்கொண்டு நிற்கும். பத்துப் பத்தாகச் சேர்ந்து இறங்க வேண்டும். கீழே கடைசி வேன் வந்து சேர்ந்தது என்று தகவல் வந்த பிறகுதான் மேலே ஏறும் கூட்டத்தை விட வேண்டும். இரண்டு முனையிலும் வாக்கி-டாக்கியோடு ஆள் வேண்டும். கைத்தொலைபேசியை நம்ப வேண்டாம், மலை மறைத்த இடத்தில் அலை கிடைக்காது. ரேலா தொண்டர்களை நிறுத்துவதென்றால் மேடைக்கு முன்னால் பத்துப் பேரை நிறுத்திவிட்டுப் பாதைக்கு ஒருவரை அனுப்பும் நம் பழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

ஓட்டுநர் சாப்பிட்டாரா?

இது எனக்கு மனம் கனக்கும் இடம். இந்த நாட்டில் மலைச்சாலை விபத்துகளை நாம் மறக்கக்கூடாது. 2010 டிசம்பர் 20-ஆம் தேதி கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் நோக்கி இறங்கிய இரட்டை மாடி பஸ் விபத்துக்குள்ளானது. 25 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தாய்லாந்திலிருந்து வந்த சுற்றுப்பயணிகள். 2013 ஆகஸ்ட் 21-ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். 2025 ஜூன் 9-ஆம் தேதி அதிகாலை கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் வாடகை பஸ் கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் போய்விட்டார்கள். விடுமுறை முடிந்து படிக்கத் திரும்பிய பிள்ளைகள். அதற்குப் பிறகு பஸ், லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் என்பதைக் கட்டம் கட்டமாக நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்கள்.

என் தாய்மாமா ரிங்லெட்டிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். அவருக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான். "ஏறின கியர்லயே இறங்கணும். பிரேக்குல கால வச்சிக்கிட்டே இறங்குறவன் பாதி வழியில பிரேக்க தேடுவான்." நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் போய்விடும். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவருக்கு இது கையில் வந்திருக்காது. ஆகவே பஸ் வாடகை பேசும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். ஓட்டுநர் இந்த மலையில் இதற்கு முன் ஓட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். பஸ்ஸின் பெர்மிட், புஸ்பாகோம் சோதனை, காப்புறுதி மூன்றையும் காகிதத்தில் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன்களை அவசரத்துக்குக் கூப்பிட்டு ஓட்டுகிறவர்கள், அதற்கு அனுமதி இருக்கிறதா, விபத்து என்றால் காப்புறுதி நிற்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம் நிகழ்ச்சிகளில் பாடகருக்கு அறை, வாத்தியக்காரர்களுக்கு அறை, எனக்கும் அறை. பஸ் ஓட்டுநருக்கு? பஸ்ஸின் அடியில் பெட்டி வைக்கும் இடத்தில் பாயை விரித்துப் படுத்திருப்பார். காலை ஐந்து மணிக்குக் கிள்ளானில் ஆட்களை ஏற்றியவர், மலை ஏறி, நாள் முழுக்கக் காத்திருந்து, நள்ளிரவில் அதே ஆட்களோடு இறங்க வேண்டும். தூக்கம் கண்ணைச் சுற்றாதா? இரண்டாவது ஓட்டுநர் வேண்டும். இல்லையென்றால் மலையிலேயே எல்லாரும் தங்கிவிட்டுக் காலையில் இறங்க வேண்டும். இரண்டாவதைத்தான் நான் பலமாகச் சொல்வேன். இரவு பதினொன்றுக்கு மேல் பனியில், காய்கறி லாரிகளுக்கு நடுவில், 59-ஆம் எண் சாலையில் நாற்பது பேரை இறக்க வேண்டிய அவசியம் எந்தக் கச்சேரிக்கும் இல்லை. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் விடுதிகள் இருக்கின்றன. கட்டுப்படியாகாதவர்களுக்குப் பள்ளி மண்டபம், கோயில் மண்டபம் என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். சொந்தக் கார் வேண்டாம் என்பவர்கள் தாப்பா ரோட் நிலையம் வரைக்கும் இடிஎஸ் ரயிலில் வந்துவிடலாம். அங்கிருந்து மலைக்குப் பகலிலேயே வண்டி ஏற்பாடு செய்வது ஏற்பாட்டாளரின் வேலை.

யாருடைய சாலை?

கச்சேரிக்குப் போகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அங்கேயே இருப்பவர்களை மறக்கிறோம். தோட்டத்தில் பெரட்டு விடிகாலையில். நம் தாத்தா பாட்டிகள் வெட்டிப் போட்ட தேயிலைச் சரிவில் இன்றைக்கு வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியத் தொழிலாளர்கள் பெரும்பாலும் கொழுந்து எடுக்கிறார்கள். நம்மவர் குடும்பங்களும் இருக்கின்றன. ஓய்வு பெற்றவர்கள், இரத்த அழுத்தக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவமனை என்றால் தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹாஜா கால்சோம் மருத்துவமனைதான். அதற்குப் போகிற பாதையைத்தான் நாம் கார் நிறுத்துமிடம் ஆக்குகிறோம்.

ஆகவே என் கோரிக்கை எளிமையானது. தோட்டப் பாதையில் ஒரு காரும் நிற்கக்கூடாது. 'ஒரு பக்கமாக நிறுத்தலாம்' என்பதும் கூடாது, அங்கே ஒரு பக்கம் என்று ஒன்று இல்லை. நிகழ்ச்சி முடியும்வரை ஓர் ஆம்புலன்ஸ் திடலில் நிற்க வேண்டும். அது ரசிகர்களுக்கு மட்டுமல்ல, லயத்தில் யாருக்காவது முடியவில்லை என்றாலும் போக வேண்டும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே லயத்து வீடுகளுக்குப் போய், எத்தனை மணிக்கு வேன்கள் ஓடும், அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணில் யாராவது எடுத்துப் பேசவும் வேண்டும்.

இதற்கெல்லாம் காசு எங்கே என்று கேட்பார்கள். கேட்டும்விட்டார்கள், உள்ளே வருவதற்கு முன்னால் ஓர் ஏற்பாட்டாளர் நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சொன்ன கணக்கையே இங்கேயும் சொல்கிறேன். ஒரு வேனுக்கு ஒரு மாலைக்கு 400 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வேனுக்கு 8,000 வெள்ளி. 700 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்குப் பதினொன்றரை வெள்ளிகூட வராது. அதைச் சீட்டு விலையிலேயே சேர்த்துவிடுங்கள். தனியாக விற்றால், 'நான் காரிலேயே வருகிறேன்' என்று பாதிப்பேர் மிச்சம் பிடிப்பார்கள், அந்தக் கார் மறுபடியும் வளைவில் வந்து நிற்கும். அவர் யோசித்துவிட்டு, "பதினொரு வெள்ளி ஏத்தினா டிக்கெட் ஓடாது சிஸ்டர்" என்றார். அதே நிகழ்ச்சியில் பாடகர் படம் போட்ட டீ-சட்டையை என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சீட்டு வாங்கும் நேயர்களும் கேட்கலாம். நிகழ்ச்சி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று மட்டுமே எல்லாரும் கேட்கிறீர்கள். கடைசி வேன் எத்தனை மணிக்கு, எங்கிருந்து, மழை பெய்தால் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் போங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

என் பங்குக்கு நான் இரண்டு காரியம் செய்கிறேன். ஒப்பந்தத்தில் நிகழ்ச்சி முடியும் நேரத்தை எழுதச் சொல்கிறேன், அந்த நேரத்தில் மைக்கை எடுத்து வேன் வரிசையை அறிவிக்கிறேன், பாடகர் முறைத்தாலும் சரி. இரண்டாவது, மேடைக்கு வரும் துண்டுச் சீட்டில் கார் எண் எழுதினால், அதற்குக் கீழே காரணத்தையும் எழுத வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். 'லயத்தில் ஒருவருக்கு முடியவில்லை, வண்டி போக வேண்டும்' என்று எழுதியிருந்தால் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அதை வாசிக்கிறேன். இதுவரை இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன். இரண்டு முறையும் காரின் சொந்தக்காரர் ஓடித்தான் போனார்.